நிலவறை இல்லாத வீட்டில் ஒயின் வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரைக்கு அடியில், ஆண்டு முழுக்க ஒரே குளிர்ச்சியில், இருட்டில் கிடக்கும் அறைதான் நிலவறை. அது இல்லாதவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். டிகிரி என்றால் செல்சியஸ். பாட்டில் என்றால் 750 மில்லி.

ஒயின் பழசாகப் பழசாகத்தான் ருசின்னு சொல்றாங்களே, அப்போ எந்த பாட்டிலையும் எடுத்து வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அதனால் லாபம் இல்லை. கடைக்கு வரும் ஒயின்களில் பெரும்பகுதி வந்த அன்றே குடிக்கத் தயாரானவை. சாதாரண வெள்ளை ஒயினும் ரோஸே எனும் இளஞ்சிவப்பு ஒயினும் ஓரிரு ஆண்டில் பழவாசனையை இழந்துவிடும். எளிய சிவப்பு ஒயின் 2, 3 ஆண்டு தாங்கும். போஜலே நூவோ மாதிரியானவை சில மாதங்களுக்குள் குடித்துத் தீர்ப்பதற்கென்றே செய்யப்படுபவை. அறுவடை ஆண்டு போடாத ஷாம்பெயின், தயாரிப்பாளரின் நிலவறையில் குறைந்தது 15 மாதம் இருந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. வீட்டில் அதற்கு மேலும் 3 ஆண்டு கொடுத்தால் தாராளம்.

காலத்தைத் தாங்க ஒயினுக்குள் ஏதாவது சரக்கு இருக்க வேண்டும்: டானினின் துவர்ப்பு, நல்ல புளிப்பு, அல்லது நிறைய இனிப்பு. பரோலோ, தேர்ந்த போர்டோ சிவப்பு, ரீஸ்லிங், சோதெர்ன், டோக்காய், விண்டேஜ் போர்ட் ஆகியவை அந்த வகை. உங்களிடம் இருப்பது இவற்றில் எதுவும் இல்லை, ஆறு மாதத்தில் குடித்துவிடுவீர்கள் என்றால், கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ரேக் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

எத்தனை டிகிரில வைக்கணும்?

12, 13 டிகிரி என்பது நெடுநாள் சேமிப்புக்கான பழைய அளவு. 10 முதல் 15 வரை எங்கே நின்றாலும் குறையில்லை. 18, 20 டிகிரியில் ஏறாமல் இறங்காமல் நின்றால், இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடிக்கப்போகும் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் போனால் முதுமை வேகமாக வரும். 30 டிகிரிக்கு மேல் சில வாரம் கிடந்தாலே நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. அதற்காக, 13 டிகிரியில் பத்து ஆண்டு இருப்பதும் 23 டிகிரியில் ஐந்து ஆண்டு இருப்பதும் ஒன்றாகிவிடாது. எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. பழவாசனை முதலில் ஓடிவிடும், முதிர்ச்சியின் மணம் வராமலே போகும். இன்னொரு கேடும் உண்டு. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளப் பார்க்கும். குளிரும்போது சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இது பலமுறை நடந்தால் கார்க்கின் பிடி தளர்ந்துவிடும்.

சிவப்புக்கு ஒரு அளவு, வெள்ளைக்கு ஒரு அளவுன்னு இல்லையா?

அது குடிக்கும்போது பார்க்கவேண்டியது. நுரைக்கும் ஒயினை 6–10, வெள்ளையை 8–12, சிவப்பை 15–18 டிகிரியில் ஊற்றுவார்கள். சேமிக்கும்போது எல்லாமே ஒரே இடத்தில், ஒரே வெப்பத்தில் இருக்கலாம்.

வீட்டுக்குள்ள எந்த இடம் சரியா இருக்கும்? எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஒயர் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே இறக்கி, வாயை அடைத்துவிடுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் வகையாக இருக்க வேண்டும். யோசித்து வைத்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வாரம் வைத்து, இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். காற்றை அளக்காமல் தண்ணீரை அளப்பதற்குக் காரணம் உண்டு. காற்றின் சூடு நிமிடத்துக்கு நிமிடம் மாறும், ஒரு பாட்டில் திரவம் அதைப் பிடிக்கப் பல மணி நேரம் ஆகும். ஒயின் உணரப்போவது தண்ணீர் காட்டும் எண்ணைத்தான்.

பெரும்பாலும் தேறுபவை இவை: மாடிப்படிக்கு அடியில் உள்ள பொந்து, வெளிச்சுவரைத் தொடாத உள்ளறையின் தரைமட்டம், கட்டிலுக்கு அடி, உட்சுவரில் பதித்த அலமாரியின் கீழ்த்தட்டு. சூடான காற்று மேலே போவதால் ஒரே அலமாரியில்கூடக் கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். பரண் கூடவே கூடாது. மாலை வெயில் விழும் சுவரும் வேண்டாம். இரண்டு இடங்களில் ஒன்று சற்றுக் குளிர்ச்சி, ஆனால் ஏறி இறங்குகிறது. மற்றது 2 டிகிரி சூடு, ஆனால் அசையாமல் நிற்கிறது என்றால் அசையாததையே எடுங்கள்.

கோடையில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை அளந்தால்தான் முழுப் படமும் தெரியும். மாதக்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும் 8 டிகிரியை ஒயின் பொறுத்துக்கொள்ளும். ஒரே நாளில் அவ்வளவு ஏறி இறங்குவதுதான் பிரச்சினை.

சமையலறையில அழகா ஒரு ரேக் போட்டிருக்கோம், பிரிட்ஜுக்கு மேலே. பரவாயில்லையா?

இந்த வாரம் குடிக்கப்போகிற பாட்டில்களுக்குப் பரவாயில்லை. மற்றபடி வீட்டிலேயே மோசமான இடம் அதுதான்: அடுப்பின் சூடு, பிரிட்ஜ் வெளியேற்றும் சூடு, விளக்கு, அதிர்வு எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன.

சாப்பாடு வைக்கற பிரிட்ஜுலயே வச்சிடலாமே?

ஓரிரு மாதத்துக்கு வைக்கலாம். அறை 28, 30 டிகிரி என்றால் அதைவிட பிரிட்ஜ் எவ்வளவோ மேல். அங்கே இருக்கும் 4 டிகிரியில் ஒயின் கெடாது, அதன் முதிர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும், அவ்வளவுதான். பிரிட்ஜுக்குள் காற்று வறண்டது. அங்குள்ள ஈரத்தைக் குளிர்ச்சுருள் இழுத்துவிடும். ஓராண்டு, இரண்டாண்டு என்று விட்டால் கார்க்கின் வெளிமுனை காய்ந்து சுருங்கத் தொடங்கும். திருகு மூடி போட்ட பாட்டிலுக்கு இந்தக் கவலையும் இல்லை.

கதவில் வைக்காதீர்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடும் குலுக்கலும் அதற்குத்தான் முதலில் போகும்.

பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துட்டா திரும்ப உள்ள வைக்கக் கூடாதாமே?

வைக்கலாம். குளிர்ந்த பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்து மறுபடி குளிர்வதால் ஒயின் கெடுவதில்லை. அதையே வாரத்துக்கு நான்கு முறை, மாதக்கணக்கில் செய்தால்தான் முன்னே சொன்ன கார்க் பிடி தளரும் கதை நடக்கும்.

படுக்க வைக்கணுமா, நிமிர்த்தி வைக்கணுமா?

இயற்கை கார்க் போட்ட, ஓராண்டுக்கு மேல் வைக்கப்போகும் பாட்டிலைப் படுக்க வையுங்கள். ஒயின் கார்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் கார்க் மென்மையாக, பிடிப்போடு இருக்கும். சில மாதம் நிமிர்ந்து நின்றால் எதுவும் ஆகிவிடாது, ஏனென்றால் மூடிய பாட்டிலின் கழுத்துக்குள் இருக்கும் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தே இருக்கும். இதே காரணத்தால், 5, 6 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் ஷாம்பெயின் வகைகளை நிமிர்த்தியும் வைக்கலாம்.

திருகு மூடி, கண்ணாடி அடைப்பான், செயற்கை கார்க் போட்டவற்றை எப்படி வைத்தாலும் சரி. செயற்கை கார்க்கில் வேறொரு விஷயம் கவனிக்க வேண்டும். சாதாரண வகைகள் ஆக்சிஜனைக் கூடுதலாக உள்ளே விடும். தயாரிப்பாளர் அதைப் போட்டிருந்தால் இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடிக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஈரப்பதம் 70 சதவீதம் வேணும்னு படிச்சேன். பக்கத்துல தண்ணிக் கிண்ணம் வைக்கணுமா?

பெரும்பாலோர் தேவைக்கு மேல் கவலைப்படும் விஷயம் இது. 50 முதல் 80 சதவீதத்துக்குள் எங்கே இருந்தாலும் போதும். ஐந்து ஆண்டுக்கு மேல் வைக்கும் பாட்டில்கள் இருந்து, காற்று ஆண்டு முழுக்க 40 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால் மட்டும், மூடிய அலமாரிக்குள் ஒரு கிண்ணம் தண்ணீரோ ஈரப் பஞ்சோ வைக்கலாம். திறந்த அறையில் கிண்ணம் வைத்துப் பயனில்லை.

மறுபக்கம்தான் வீடுகளில் அதிகம் நடக்கிறது. 80 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் பூஞ்சை பிடிக்கும், பசை விடும். உள்ளே இருக்கும் ஒயினுக்கு அதனால் ஒன்றுமில்லை. லேபிள் பிழைக்க வேண்டுமானால் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் பாட்டிலின் உடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள், கழுத்தை விட்டுவிடுங்கள். அட்டைப்பெட்டியை நேரடியாகத் தரையில் வைக்காமல் இரண்டு மரச்சட்டத்தின் மேல் தூக்கி வையுங்கள். ஈரம் ஏறாது, கரையான் வந்தாலும் கண்ணில் படும்.

வெளிச்சம் பட்டா என்ன ஆகும்? பாட்டில்தான் பச்சை நிறமாச்சே?

ஒயினில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃபிளேவின் புற ஊதா ஒளியையும் நீல ஒளியையும் பிடித்து, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும். அதிலிருந்து பிறக்கும் கந்தகச் சேர்மங்கள் வெந்த முட்டைக்கோஸ், ஈரக் கம்பளி போன்ற வாடையைத் தரும். நிறமற்ற பாட்டிலில் உள்ள வெள்ளை, ரோஸே, நுரைக்கும் ஒயின்களுக்கு நேர் வெயிலில் சில மணி நேரமே போதும். பச்சைக் கண்ணாடி ஓரளவு தடுக்கும், பழுப்புக் கண்ணாடி நன்றாகத் தடுக்கும். லூயி ரோடரரின் கிரிஸ்டல் ஷாம்பெயின் நிறமற்ற பாட்டிலில் வருகிறது; அதனால்தான் அதன் மேல் மஞ்சள் தாள் சுற்றியிருக்கிறார்கள். அந்தத் தாளைக் கழற்றாமல் வையுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியது சுலபம்: வந்த அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுவது. பெட்டி இல்லையென்றால் ஒரு துணியைப் போர்த்துங்கள். எடுக்கும் நேரம் மட்டும் எரியும் எல்இடி விளக்கால் கெடுதல் இல்லை.

அதிர்வு?

பட்டியலில் கடைசி. வண்டல் படிந்த பழைய சிவப்பு ஒயினில் அடிமண்டி கலங்கும் என்பது உண்மை. மற்றபடி, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைக்காத வரை இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

துணி அலமாரி அடித்தட்டுல இருட்டாவும் குளிர்ச்சியாவும் இருக்கு. அங்க வைக்கலாமா?

இடம் நல்ல இடம்தான், அந்துருண்டை இல்லாவிட்டால். கார்க் வாசனைகளை உறிஞ்சும் பொருள். மாதக்கணக்கில் நாப்தலீன் ஆவியில் கிடக்கும் பாட்டிலைத் திறக்கும்போது, ஒயினுக்குள் இறங்காவிட்டாலும் கார்க்கிலும் பாட்டில் வாயிலும் அந்த நெடி இருக்கும். பெயின்ட், டர்பன்டைன், மண்ணெண்ணெய், வெங்காயம், பூச்சிமருந்து எதற்கும் இதே விதி. ஒன்று பாட்டில், இல்லை உருண்டை.

எடையையும் பாருங்கள். நிரம்பிய பாட்டில் சுமார் 1.3 கிலோ, ஷாம்பெயின் பாட்டில் 1.6 கிலோ. ஒரு டஜன் அடுக்கினால் 16 கிலோவாவது வரும். துணிக்காகப் போட்ட மெல்லிய பலகை நடுவில் வளையத் தொடங்கினால் சுவரோரத் தரைக்கு மாற்றிவிடுங்கள்.

எங்க வீட்டுல எந்த மூலையை அளந்தாலும் 28 டிகிரிக்குக் கீழே வரல. தெர்மாகோல் பெட்டி உதவுமா?

பாதி உதவும். 5 செ.மீ. சுவருள்ள தெர்மாகோல் பெட்டியில் 12 பாட்டிலை நெருக்கமாக அடுக்கி மூடினால், அறையில் பகலுக்கும் இரவுக்கும் 8 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது உள்ளே 2 டிகிரிக்குள்தான் அசையும். உள்ளே இருக்கும் 9 லிட்டர் திரவம் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடுவதுதான் இதற்குக் காரணம். ஒற்றைப் பாட்டிலைப் போட்டு மூடினால் இந்தப் பலன் வராது. மீதி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்புங்கள்.

ஆனால் பெட்டி குளிர்விக்காது. அறையின் சராசரி 29 என்றால் பெட்டிக்குள்ளும் 29தான், ஆடாமல் நிற்கும் 29. ஐஸ் கட்டிகளைப் போட்டு மாற்றிக்கொண்டே இருப்பது நான்கு நாளுக்கு மேல் யாராலும் முடிவதில்லை. மறந்த நாளில் எகிறும் சூடு, பெட்டி இல்லாததைவிட மோசம். ஈரத்துணி போர்த்துவதும் காற்று வறண்டிருந்தால் மட்டுமே சில டிகிரி குறைக்கும், லேபிளையும் தின்றுவிடும்.

எனவே வழி மூன்றுதான். குறைவாக வாங்கி மூன்று மாதத்துக்குள் குடிப்பது. ஒயினுக்கான குளிர்பெட்டி வாங்குவது. அல்லது பழைய பிரிட்ஜை மாற்றிக்கொள்வது.

பழைய பிரிட்ஜை மாத்தறதா? எப்படி?

ஒற்றைக் கதவு, உள்ளே கையால் திருகும் குமிழ், மின்னணுப் பலகை எதுவும் இல்லாத பிரிட்ஜ் வேண்டும். தனியாக விற்கும் வெளித் தெர்மோஸ்டாட் ஒன்றைச் சுவர் பிளக்கில் செருகி, பிரிட்ஜின் பிளக்கை அதில் செருகுங்கள். பிரிட்ஜின் சொந்தக் குமிழை அதிகக் குளிருக்குத் திருகிவிடுங்கள்; இனி ஓட்டுவதும் நிறுத்துவதும் வெளிக்கருவியின் வேலை. அதன் அளவை 13 டிகிரி, இடைவெளியை (எத்தனை டிகிரி ஏறினால் மறுபடி ஓட வேண்டும் என்பதை) 1.5 டிகிரி என்று வையுங்கள். கம்ப்ரஸர் நின்றபின் மறுபடி ஓட 5 நிமிடத் தாமதம் கொடுங்கள், இல்லாவிட்டால் அது சீக்கிரம் எரிந்துபோகும்.

பலர் சறுக்குவது உணரியில். அதைக் காற்றில் தொங்கவிட்டால், கதவைத் திறந்த மறுநொடியே கம்ப்ரஸர் ஓடும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்பும். இடம் தேடியபோது பயன்படுத்திய அதே தண்ணீர் பாட்டிலுக்குள் உணரியை வையுங்கள். 13 டிகிரியில் ஃப்ரீசர் அறை உறையாது, அதில் சாப்பாடு வைக்கக் கூடாது. உள்ளே நீர் கோத்தால் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மாதம் ஒருமுறை ரப்பர் விளிம்பைத் துடையுங்கள். கம்பித் தட்டுகள் டஜன் கணக்கில் பாட்டிலைத் தாங்கும்படி செய்தவை அல்ல. கனமான பலகையை மேலே போட்டு, பெரும்பங்கை அடியில் அடுக்குங்கள்.

ராத்திரி மட்டும் ஏசி ஓடற அறையில வச்சா?

இரவில் 23, பகலில் 33 என்றால் நாள்தோறும் ஏறி இறங்கும் அறை அது. இங்கேதான் தெர்மாகோல் பெட்டி உண்மையாகவே கைகொடுக்கும்: உள்ளே சராசரி 27, 28 அருகே நிற்கும். கட்டிலுக்கடியில், ஏசிக் காற்று நேராகப் படாத பக்கம் வையுங்கள். சில மாதத்துக்கு இது தாக்குப்பிடிக்கும், பரோலோவை ஒளித்துவைக்க இது இடமல்ல.

ஒயின் குளிர்பெட்டி வாங்கப் போறேன். எதைப் பார்க்கணும்?

முதலில் உள்ளே இருக்கும் எந்திரத்தை. பெல்டியர் தகட்டில் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) ஓடுபவை சத்தம் குறைந்தவை, அதிர்வும் குறைவு. ஆனால் அறையைவிட 15 டிகிரி அளவுக்குத்தான் அவற்றால் இறக்க முடியும். அறை 32 டிகிரி என்றால் நாள் முழுக்க ஓடியும் 17, 18க்குக் கீழே இறங்காது. சூடான அறைக்குக் கம்ப்ரஸர் வகையே சரி.

அடுத்து, காற்று வெளியேறும் பக்கம். பின்பக்கம் சூட்டை விடும் பெட்டியைச் சமையல் மேடைக்கு அடியில் செருகினால் சூடு அங்கேயே சுழன்று கம்ப்ரஸர் திணறும். பதித்து வைப்பதற்கென்று செய்தவற்றில் காற்றோட்டம் முன்பக்கம் அடியில் இருக்கும். தனித்து நிற்பவற்றுக்குப் பின்னும் பக்கங்களிலும் குறைந்தது 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். கண்ணாடிக் கதவென்றால் புற ஊதாவைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி வேண்டும். சேமிப்புதான் நோக்கமென்றால் கண்ணாடியே இல்லாத கதவு இன்னும் நல்லது.

பெட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவை நம்பி வாங்காதீர்கள். அது சுமார் 7.5 செ.மீ. அகலமுள்ள நேர்த்தோள் போர்டோ பாட்டிலை வைத்துப் போட்ட கணக்கு. பர்கண்டி பாட்டிலும் ஷாம்பெயின் பாட்டிலும் அதைவிடப் பருமன். கலந்து அடுக்கினால் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். 50 பாட்டில் பெட்டியில் பாட்டில் எடை மட்டுமே 65 கிலோ வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். இரண்டு வெப்பப் பகுதி உள்ளதற்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. சேமிப்புக்கு ஒரே அளவு போதும் என்று மேலேயே சொல்லிவிட்டோம்.

கரண்ட் போயிட்டா?

கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய பெட்டி எட்டு மணி நேரத்தில் பொதுவாக இரண்டு மூன்று டிகிரிதான் ஏறும். பாதி காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி வைத்திருங்கள்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

மூடி, பிரிட்ஜில் வைத்தால்: வெள்ளையும் ரோஸேயும் 3 முதல் 5 நாள், சிவப்பு 3, 4 நாள், நுரைக்கும் ஒயின் அதற்கான பிடிமூடியோடு 1 முதல் 3 நாள். சிவப்பையும் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்தால் போதும். சாராயம் சேர்த்து வலுவேற்றிய ஒயின்களில் ஃபீனோ ஷெர்ரி ஒரு வாரம், ரூபி போர்ட் இரண்டு மூன்று வாரம், டானி போர்ட் ஒரு மாதத்துக்கு மேல். மதேரா செய்யப்படும்போதே சூட்டையும் காற்றையும் பார்த்துவிட்டது, மாதக்கணக்கில் அசையாது.

செலவில்லாத நல்ல வழி: 375 மில்லி அரைப் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து வைத்திருங்கள். முழுப் பாட்டிலைத் திறந்த உடனே, முதல் டம்ளருக்கு முன்பே, அரைப் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி இறுக மூடி பிரிட்ஜில் வையுங்கள். உள்ளே காற்று மிச்சமில்லாததால் ஒரு வாரம்கூடத் தாங்கும். இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்த மிச்சத்தை ஊற்றினால் இந்தப் பலன் கிடைக்காது. கைப்பம்பு காற்றைக் கொஞ்சம்தான் குறைக்கும், நுரைக்கும் ஒயினுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. ஒயினோடு வினைபுரியாத ஆர்கான் வாயுவைப் பாட்டிலுக்குள் தெளிப்பது பம்பைவிட மேல். கோரவின் கருவி, கார்க்கைக் கழற்றாமல் ஊசி வழியே ஒயினை எடுத்து ஆர்கானை நிரப்பும்; விலையுயர்ந்த பாட்டிலை மாதக்கணக்கில் டம்ளர் டம்ளராகக் குடிப்பவர்களுக்கு அது.

ஷாம்பெயின் பாட்டில் வாயில் வெள்ளிக் கரண்டி செருகினால் நுரை நிற்கும் என்பது கட்டுக்கதை. நிற்பது பிரிட்ஜின் குளிரால்; கரண்டி இல்லாமலும் நிற்கும்.

ஃப்ரீசர்ல போட்டுட்டு மறந்துட்டேன். குடிக்கலாமா?

சாதாரண ஒயின் மைனஸ் 5, 6 டிகிரியில் உறையும், ஃப்ரீசர் மைனஸ் 18. கண்ணாடி விரிசல் விடாமல், கார்க் மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் பிரிட்ஜில் மெல்ல உருகவிட்டு ஓரிரு நாளில் குடித்துவிடுங்கள். நுரைக்கும் ஒயின் என்றால் பாட்டில் வெடிக்கும் ஆபத்து உண்டு. தடித்த துணியால் மூடி, முகத்தைத் தள்ளிவைத்து எடுங்கள்.

அவசரத்துக்கு ஃப்ரீசரைத் தேடவேண்டியதில்லை. வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு பிடி உப்பு போட்டு, கழுத்துவரை முழுகவிட்டால் 15, 20 நிமிடம் போதும்.

குளிர்ல வச்ச பாட்டில் அடியில கண்ணாடித் தூள் மாதிரி இருக்கு. பயமா இருக்கு.

பொட்டாசியம் பைடார்டரேட் படிகங்கள். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமும் பொட்டாசியமும் குளிரில் சேர்ந்து படிந்தவை. தீங்கில்லை. கடைசி அரை அங்குலத்தைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

கார்க் கொஞ்சம் மேலே வந்திருக்கு, ஓரத்துல பிசுபிசுப்பு. தூக்கிப் போட்டுடலாமா?

திறந்து பார்க்காமல் போடாதீர்கள், ஆனால் இனி சேமிக்காதீர்கள். கார்க் எழும்புவதும் ஒயின் கசிவதும் சூடோ உறைவோ பட்டதற்கான அடையாளங்கள். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் ஒரு மதியம் கிடந்த பாட்டில்களில் இதை அதிகம் பார்க்கலாம். சூடு பட்ட ஒயினில் புதுப்பழ வாசனை போய், வேகவைத்த பழம், ஜாம், உலர்திராட்சை மணம் வரும். வெள்ளை ஒயின் பழுப்படிக்கும். ஒரு பாட்டிலில் இப்படி இருந்தால் அதே பெட்டியில் வந்த மற்றவற்றையும் சீக்கிரம் குடித்துவிடுங்கள்.

ஈர அட்டை, பூசணம் பிடித்த அறை போன்ற வாடை வந்தால் அது வேறு விவகாரம். டிசிஏ என்ற சேர்மம் பெரும்பாலும் கார்க்கிலிருந்து வந்தது. உங்கள் அலமாரியின் மேல் பழி இல்லை. சூட்டால் அது வருவதுமில்லை, காற்றாட விட்டால் போவதுமில்லை. பாட்டிலை வாங்கின இடத்தில் திருப்பிக் கேட்கலாம்.

ஒரே ஒயின்ல 6 பாட்டில் வச்சிருக்கேன். எப்ப திறக்கணும்னு எப்படித் தெரியும்?

வாங்கிய ஆண்டே ஒன்றைத் திறந்து இரண்டு வரி எழுதிவையுங்கள்: துவர்ப்பு எவ்வளவு, பழவாசனை எவ்வளவு. பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒன்று. நிலவறைக் குளிர் இல்லாத வீட்டில் ஒயின் வேகமாக முதிரும் என்பதால், விமர்சகர் எழுதிய கால அளவின் முதல் பாதியையே உங்கள் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். துவர்ப்பு தணிந்து பழம் இன்னும் மிச்சமிருக்கிற கட்டத்தைப் பிடித்தால் மற்றவற்றை ஓராண்டுக்குள் முடித்துவிடலாம். கழுத்தில் நூலால் கட்டிய அட்டையில் வாங்கிய தேதியும் குடிக்கவேண்டிய ஆண்டும் எழுதினால், தேடும்போது பாட்டிலை இழுத்து இழுத்து லேபிள் பார்க்கும் வேலை மிச்சம்.

15 வருஷ சிவப்பு ஒயின் ஒண்ணு இருக்கு. எடுக்கும்போது ஏதாவது கவனிக்கணுமா?

திறப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நிமிர்த்தி வையுங்கள், பக்கவாட்டில் படிந்த வண்டல் அடிக்கு இறங்கட்டும். பழைய கார்க்குகளுக்குத் திருகுக் கம்பியைவிட இரட்டை நாக்குத் திறப்பான் நல்லது: இரண்டு தகட்டையும் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாற்றி மாற்றி ஆட்டி இறக்கி, சுழற்றிக்கொண்டே மேலே இழுங்கள். உடைந்து உள்ளே விழுந்தால் கெட்டுப்போகாது. வடிகட்டி வழியே ஊற்றுங்கள். ஊற்றும்போது பாட்டில் தோளுக்குப் பின்னால் ஒரு டார்ச் விளக்கைப் பிடித்து, கலங்கல் கழுத்தை எட்டியதும் நிறுத்துங்கள். இவ்வளவு பழைய ஒயினை மணிக்கணக்கில் காற்றாட விட வேண்டாம். ஊற்றியதும் குடிக்கத் தொடங்குங்கள், அரை மணியில் அது ஓய்ந்துபோகவும் கூடும்.